தொடையில் குழி குழியாகத் தெரிகிறது: 56,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

மல்லிகைப்பந்தல் (கோயம்புத்தூர்), சனி இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. போன மாதம் நீச்சல் வகுப்பில் சேரலாம் என்று உடை வாங்கப் போனேன். கடையில் உடை மாற்றும் அறையில் தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால், தொடையின் பின்பக்கம் முழுவதும் குழி குழியாக, நார்த்தங்காய்த் தோல் போல இருந்தது. உடையை வாங்காமலே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு தோல் அழகு நிலையத்துக்குப் போனேன். "இது செல்லுலைட். கொழுப்பில் நச்சு தேங்கியிருக்கிறது. இப்போதே கரைக்காவிட்டால் வயிறு, கை என்று பரவும்" என்றார் அங்கிருந்த ஆலோசகர். உருளை வைத்து உறிஞ்சும் இயந்திரத்தால் 8 அமர்வுகள், மொத்தம் 56,000 ரூபாய். பயத்தில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

என் எடை 58 கிலோ, உயரம் 160 செ.மீ. வலியோ வீக்கமோ எதுவும் இல்லை. புதன்கிழமை முதல் அமர்வு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (திருச்சி), சனி இரவு 11:05

மல்லிகை, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். நான் 14 ஆண்டுகளாகத் தோல் மருத்துவராக இருக்கிறேன். ஆரோக்கியமான பெண்களைப் பயமுறுத்திப் பணம் வாங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இலவம்பஞ்சு மெத்தை தைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சை அடைத்த பிறகு, நீண்ட ஊசியால் மேலிருந்து அடிவரை நூலைக் கோத்து, இழுத்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுந்த இடம் உள்ளே போகும். இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே பஞ்சு புடைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் தொடையிலும் அதுதான் நடக்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு கொழுப்பு அடுக்கு உண்டு. அதை ஊடுருவிச் செல்லும் நார்க்கற்றைகள் தோலைக் கீழே பிடித்திருக்கின்றன. நார் இழுத்த இடம் குழியாகிறது, நடுவில் உள்ள கொழுப்பு மேலே தள்ளுகிறது. நச்சு என்று எதுவும் அங்கே தேங்கவில்லை. அது மற்றவர் உடலில் இருக்கும் கொழுப்பைப் போன்ற சாதாரணக் கொழுப்புதான். வயிற்றுக்கும் கைக்கும் "பரவுவதற்கு" இது படையோ தேமலோ இல்லை.

பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இருக்கிறது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இருப்பதை நான் நோய் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நாளை ஒரு சோதனை செய்து பாருங்கள். நின்றுகொண்டு பாருங்கள், பிறகு குப்புறப் படுத்து வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலைக் கிள்ளிப் பிடித்தால் மட்டும் குழி தெரிந்தால் முதல் நிலை. நின்றால் தெரிந்து, படுத்தால் மறைந்தால் இரண்டாம் நிலை. படுத்தாலும் தெரிந்தால் மூன்றாம் நிலை. 1978-இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் வகுத்த முறை இது. இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

இளம்பரிதி (மதுரை), ஞாயிறு காலை 6:50

டாக்டர், பெண்கள் பேசும் இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மனைவியும் இதே கவலையில் இருக்கிறார். எனக்கு அவரைவிட எடை அதிகம், தொப்பையும் உண்டு. ஆனால் என் தொடையில் ஒரு குழிகூட இல்லை. இது ஏன்?

காவிரிக்கரை, ஞாயிறு காலை 7:30

மன்னிப்பெல்லாம் வேண்டாம், நல்ல கேள்வி. அந்த 1978 ஆய்வு பேசியதே இதைத்தான். பெண்களின் நார்க்கற்றைகள் பெரும்பாலும் தோலுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஆண்களுக்கு அவை ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டில் பின்னல் போல ஓடுகின்றன. அதனால் கொழுப்பு கூடினாலும் பின்னல் அதை உள்ளேயே அடக்கிவிடுகிறது. ஆண்களின் தோலும் சற்றுத் தடிமன். ஆண் ஹார்மோன் குறைபாடு உள்ள ஆண்களுக்கும், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் எதையும் தவறாகச் சாப்பிட்டதால் வந்ததில்லை.

தாமிரபரணி (திருநெல்வேலி), ஞாயிறு காலை 9:15

மல்லிகை, நான் உன் அம்மா வயதுக்காரி. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, கொள்ளு மாவும் பயற்றம் மாவும் பூசிக் குளிப்பாட்டுவோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சும்மாவா சொன்னார்கள்? கொள்ளு ரசமும் வைத்துக் குடி. 56,000 ரூபாய்க்கு இரண்டு பசு மாடு வாங்கலாம், அம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் ஆற்றில்தான் குளியல். பத்துப் பெண்கள் ஒரே படித்துறையில் நிற்போம். எல்லோர் தொடையும் எல்லோருக்கும் தெரியும். நீ சொல்லும் குழி எனக்கும் இருந்தது, என் நாத்தனாருக்கும் இருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

காவிரிக்கரை, ஞாயிறு காலை 10:40

அம்மா, நீங்கள் கடைசியில் சொன்னதை நான் என் நோயாளிகளுக்கு இனிமேல் எடுத்துச் சொல்வேன். செல்லுலைட் என்ற சொல் 1873-இல் பிரெஞ்சு மருத்துவ அகராதி ஒன்றில் வந்தது. ஆனால் ஆங்கிலம் படிக்கும் பெண்கள் அதைப் பரவலாகக் கேள்விப்பட்டது 1968-இல், அமெரிக்க "வோக்" இதழ் அதைப் பற்றி எழுதிய பிறகு. அதற்கு முன் அமெரிக்கப் பெண்களின் தொடையிலும் குழி இருந்தது. கவலைப்பட ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யலாம். தோல் மிருதுவாகும், உடல் அலுப்பு தீரும். கொள்ளு மாவு மேலே உள்ள இறந்த செல்களைத் தேய்த்து எடுக்கும். நார்க்கற்றை இருக்கும் ஆழத்துக்கு இரண்டும் எட்டாது. குழி குறையும் என்று எதிர்பார்க்காமல் செய்தால் ஒரு குறையும் இல்லை.

முல்லைக்கொடி (சென்னை), ஞாயிறு பகல் 12:10

நான் உடற்பயிற்சி ஆசிரியை. மல்லிகை, உங்கள் உயரத்துக்கு 58 கிலோ சரியான எடை. தயவு செய்து பட்டினி கிடக்க ஆரம்பிக்காதீர்கள். இதற்காகவே மூன்று மாதத்தில் 12 கிலோ குறைத்த ஒருவர் என்னிடம் வந்தார். தோல் தொய்ந்துபோய்க் குழிகள் முன்பைவிட நன்றாகத் தெரிந்தன. அழுதுவிட்டார். எடை கூடியவர்கள் நிதானமாகக் குறைத்தால் பலருக்குக் கொஞ்சம் மேம்படும், சிலருக்கு இப்படியும் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாத பயிற்சியாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

தொடை, பிட்டத் தசைகளுக்குப் பளு வைத்துப் பயிற்சி செய்யுங்கள். அடியில் தசை திரண்டால் மேல்தோல் சற்று இறுக்கமாகத் தெரியும். குழி போகாது, ஆனால் வடிவம் மாறும். படி ஏறும்போது மூச்சு வாங்காது. குழந்தையைத் தூக்கும்போது இடுப்பு வலிக்காது. இவை நிச்சயமாகக் கிடைக்கும் பலன்கள்.

மல்லிகைப்பந்தல், ஞாயிறு பிற்பகல் 3:30

இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டாக்டர் சொன்ன சோதனையைச் செய்தேன். அக்காவைப் பார்க்கச் சொன்னேன். நின்றால் தெரிகிறது, படுத்தால் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

ஆனால் அந்த நிலையத்தில் படங்கள் காட்டினார்களே? சிகிச்சைக்கு முன் ஒரு தொடை, பின் அதே தொடை. வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. அதுவும் பொய்யா? இயந்திரத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி இருக்கிறது என்றும் சொன்னார்கள். களிம்பு, லேசர், கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சை பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதென்றாலும் காரணம் தெரிந்து இருக்க ஆசை.

காவிரிக்கரை, ஞாயிறு மாலை 5:15

படங்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்று இரவு இருட்டிய பிறகு, வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அக்காவிடம் கைப்பேசியையும் ஒரு டார்ச் விளக்கையும் கொடுங்கள். ஒரு படம், டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்து. இன்னொரு படம், நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, டார்ச்சைத் தொடைக்கு நேராகப் பிடித்து. மற்றதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

இயந்திரம். உருளை வைத்து உறிஞ்சும் முறை 1980-களில் பிரான்சில் வந்தது. தழும்புகளை இளக்கும் மசாஜை இயந்திரமாக்க நினைத்த லூயி பால் கித்தே என்பவர் உருவாக்கியது. மசாஜ் செய்ததும் தோலில் லேசாக நீர் கோத்துக் குழிகள் நிரம்பியது போலத் தெரியும். சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், பழையபடி ஆகிவிடும். ரேடியோ அலைச் சூடு கொடுக்கும் இயந்திரங்களுக்கும் பலன் பெரும்பாலும் தற்காலிகம்தான். "அனுமதி" என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். இந்த வகைச் சாதனங்கள் பலவற்றுக்கு அங்கே கிடைத்த அனுமதி "செல்லுலைட்டின் தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைக்க" என்றுதான் இருக்கும். "தற்காலிகமாக" என்ற சொல் விளம்பரத்தில் வராது.

களிம்பு. காஃபின் கலந்தவை செல்லிலிருந்து நீரைச் சற்று இழுப்பதால் தோல் கொஞ்ச நேரம் இறுகித் தெரியும். தினமும் பூசினால்தான் அதுவும். 0.3 விழுக்காடு ரெட்டினால் உள்ள களிம்பு தோலைச் சிறிது தடிமனாக்கும். ஆறு மாதமாவது விடாமல் பூச வேண்டும், பலன் சிறியது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் பூசக் கூடாது. மல்லிகை, இரண்டாவது குழந்தை எண்ணம் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

பெரிய நிறுவனங்களே இந்த விளம்பரங்களில் மாட்டியிருக்கின்றன. செல்லுலைட்டைப் போக்கும் என்று "செல்லசீன்" என்ற மாத்திரையை விற்ற ரெக்சால் சண்டவுன்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2000-இல் வழக்குத் தொடர்ந்தது. 2003-இல் 1.2 கோடி டாலர் வரை திருப்பித் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பூசினால் உடல் இளைக்கும் என்று விளம்பரம் செய்த களிம்புக்காக நிவியாவின் நிறுவனம் 2011-இல் 9 லட்சம் டாலரும், பாதாம் களிம்புக்காக லோக்ஸிதான் 2014-இல் 4.5 லட்சம் டாலரும் கொடுக்க வேண்டி வந்தது.

கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சையை இதற்காகச் செய்யவே கூடாது. நூல் அப்படியே இருக்க, மெத்தையிலிருந்து பஞ்சை மட்டும் உருவினால் மேல்துணி என்ன ஆகும்? குழி இன்னும் ஆழமாகும்.

எனவே பலன் தருபவை நூலை அறுக்கும் முறைகள்தான். தோலுக்கடியில் சிறப்பு ஊசியை நுழைத்து அந்த நாரை மட்டும் துண்டிப்பது ஒன்று. இதற்குச் சப்சிஷன் என்று பெயர். பிரேசிலைச் சேர்ந்த தோல் மருத்துவர் டோரிஸ் ஹெக்சல் இதைச் செல்லுலைட்டுக்குப் பயன்படுத்தி 2000-இல் எழுதினார். அதையே கருவியின் துணையோடு செய்யும் "செல்ஃபினா" முறைக்கு 2015-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தனித்தனியாக, ஆழமாகத் தெரியும் குழிகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது, பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. தொடை முழுவதும் அலை அலையாக இருந்தால் அந்த அளவுக்கு உதவாது. தோலுக்கடியில் லேசர் இழையை விட்டு நாரைச் சுடும் முறையும் உண்டு. எது செய்தாலும் தகுதிபெற்ற தோல் மருத்துவரோ ஒட்டறுவை நிபுணரோ செய்ய வேண்டும். அழகு நிலைய ஊழியர் ஊசியைத் தொடக் கூடாது.

வெண்பனி (டொராண்டோ), ஞாயிறு இரவு 9:00

நான் அந்த ஊசி முறையைச் செய்துகொண்டவள், 2021-இல். எல்லோரும் "விட்டுவிடு, இயற்கை" என்று சொல்வதால் என் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குப் பிட்டத்தில் ஏழு குழிகள். 16 வயதிலிருந்து நான் அவற்றை மறைத்தே வாழ்ந்தவள். இயல்பானது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. மருத்துவர் என்னை நிற்க வைத்து, ஒவ்வொரு குழியையும் பேனாவால் வட்டமிட்டார். மரத்துப்போகும் ஊசி போட்டதுதான் வலித்தது. பிறகு உள்ளே நார் அறுபடும் சத்தம் எனக்கே கேட்டது, நனைந்த துணி கிழிவது போல. மூன்று வாரம் கருநீல நிறத்தில் இரத்தக்கட்டு. ஒரு வாரம் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன். ஏழில் ஐந்து குழிகள் போய்விட்டன, இன்றும் வரவில்லை. ஒன்று பாதி குறைந்தது. ஒன்று அப்படியே இருக்கிறது. எனக்கு மனநிறைவுதான்.

ஆனால் என் மருத்துவர் மூன்று முறை கேட்டார்: "இது இல்லாமலும் நீ நலமாக இருக்கிறாய், தெரியுமா?" உங்களைப் பயமுறுத்தாமல் இப்படிக் கேட்பவரிடம்தான் போக வேண்டும்.

காவிரிக்கரை, ஞாயிறு இரவு 9:40

வெண்பனி, நன்றி. செய்துகொள்வது தவறு என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அந்த நாரைக் கரைக்க ஒரு நொதி ஊசி மருந்தும் வந்தது. "க்வோ" என்ற பெயரில் 2020 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தக்கட்டு ஏற்பட்டது, சிலருக்குத் தோல் நிறமாற்றம் நீண்ட நாள் நீடித்தது. 2022 டிசம்பரில் நிறுவனமே அதை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மாநிறத் தோலில் இரத்தக்கட்டு ஆறிய பிறகும் பழுப்புக் கறை தங்கும் வாய்ப்பு அதிகம். வெள்ளைத் தோலில் எடுத்த படத்தைக் காட்டி உங்களிடம் உறுதி தருபவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

நெய்தல் (யாழ்ப்பாணம்), திங்கள் காலை 8:20

மல்லிகை "வலியோ வீக்கமோ இல்லை" என்று எழுதியதை வாசித்து நிம்மதியடைந்தேன். அது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு 19 வயதிலிருந்து இரண்டு கால்களும் சமமாகப் பெருத்தன. இடுப்புக்கு மேலே மெலிந்த உடம்பு, கீழே வேறொருத்தியின் கால்கள். தொட்டால் வலிக்கும். கதிரையில் இடித்துக்கொண்டது கூட நினைவில் இராது, மறுநாள் நீலமாகக் கன்றியிருக்கும். கணுக்காலில் கயிறு கட்டியது போல வீக்கம் நின்றுவிடும், பாதம் மட்டும் சாதாரணமாக இருக்கும். "செல்லுலைட், சாப்பாட்டைக் குறை" என்றார்கள். குறைத்தேன். முகம் வற்றியது, கால் வற்றவில்லை. அயலில் யானைக்கால் என்று கதைத்தார்கள். இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றளித்த பிறகும் எனக்கு அந்தப் பேச்சு நிற்கவில்லை.

38 வயதில் ஒரு வைத்தியர் கால் விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் இலகுவாக மடிந்து வந்தது. "நிணநீர் வீக்கமாக இருந்தால் இப்படிக் கிள்ள வராது. இது லிப்பிடீமா" என்றார். கால்களில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் நோய் அது, 1940-இலேயே அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்ததாம். 19 ஆண்டுகள் என் சோற்றுத் தட்டைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். இப்போது அழுத்தக் காலுறை போடுகிறேன், தண்ணீரில் நடைப்பயிற்சி செய்கிறேன், வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

வலி, எளிதில் கன்றுதல், பாதத்தை விட்டுவிட்டுக் கால் மட்டும் பெருத்தல்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அழகு நிலையத்துக்குப் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள்.

முல்லைக்கொடி, திங்கள் காலை 8:55

நெய்தல் அக்கா, என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒருவரின் கால்களை நீங்கள் அப்படியே விவரித்திருக்கிறீர்கள். ஓராண்டாக அவரை நான் "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று விரட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றே அவரிடம் பேசுகிறேன்.

செம்மண்பூமி (சிவகங்கை), திங்கள் பகல் 1:25

இங்கே படித்ததும் ஒரு சந்தேகம். என் அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு நாளாக ஒரு காலில் கெண்டைக்கால் சிவந்து, தொட்டால் சுடுகிறது. நேற்றிரவு குளிர் காய்ச்சல். மருந்துக் கடைக்காரர் "செல்லுலைட்டிஸ் மாதிரி இருக்கிறது" என்றார். இணையத்தில் தேடினால் இந்தக் குழி விஷயம்தான் வருகிறது. அப்படியானால் பயப்பட வேண்டியதில்லைதானே?

காவிரிக்கரை, திங்கள் பகல் 1:32

உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்றே, இப்போதே. பெயர்தான் ஒன்றுபோல ஒலிக்கிறது, இது முற்றிலும் வேறு. செல்லுலைட்டிஸ் என்பது தோலுக்கடியில் பாக்டீரியா பரவும் தொற்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். புறப்படும் முன் சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மருத்துவருக்கு அது காட்டும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் காட்டுங்கள், கிருமி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும். காலைத் தேய்த்துவிடவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

நெறியாளர், திங்கள் மாலை 6:00

"15 நாளில் குழி மறையும் எண்ணெய்" என்று தொலைபேசி எண்ணுடன் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். விற்பனைப் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை.

செம்மண்பூமி, திங்கள் இரவு 8:45

அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறுகிறது. வீட்டில் போட்ட கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை சிவப்பு ஏறியிருந்தது. விரலிடுக்கில் வெடிப்பு இருந்தது. டாக்டர், கோடி நன்றி.

மல்லிகைப்பந்தல், புதன் இரவு 9:10

செம்மண்பூமி, அத்தை நலமா? எழுதுங்கள்.

டார்ச் சோதனையை ஞாயிறு இரவே செய்துவிட்டோம். மேலிருந்து வெளிச்சம் விழுந்த படத்தில் கடையில் நான் பார்த்த அதே தொடை. நேராக வெளிச்சம் விழுந்த படத்தில் ஒரு குழிகூடத் தெரியவில்லை. இரண்டு படங்களுக்கும் நடுவே பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அக்கா தன் தொடையையும் எடுக்கச் சொன்னாள். அவளுக்கும் அப்படியேதான், என்னைவிட அதிகமாகவே.

கணவரிடம் சொன்னேன். முன்பணத்தைவிட, சொல்லாமல் வைத்திருந்ததுதான் அவருக்கு வருத்தம். இன்று இருவருமாக அந்த நிலையத்துக்குப் போனோம். பலன் எத்தனை நாள் நிற்கும் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். தர முடியாது என்றார்கள். முதல் அமர்வு தொடங்காததால் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு 3,500 ரூபாய் கொடுத்தார்கள்.

வெண்பனி, பின்னால் எப்போதாவது செய்துகொள்ளத் தோன்றினால் உங்களிடம்தான் முதலில் கேட்பேன். இப்போதைக்கு முல்லைக்கொடி சொன்ன தசைப் பயிற்சி. வரும் வழியில் அந்த நீச்சல் உடையையும் வாங்கிவிட்டேன், முட்டி வரை வரும் வகை. வகுப்பு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. அக்காவும் சேர்ந்திருக்கிறாள்.

செம்மண்பூமி, புதன் இரவு 10:02

காய்ச்சல் விட்டுவிட்டது. சிவப்பு கோட்டுக்குள் இறங்கியிருக்கிறது.